43 ஒப்பந்தங்கள் என்றால் 43 வாசல்களா?

11 ஜூன் 2024, கேள்வி

கரூரிலிருந்து எழுதுகிறேன். மகள் நிலவியலில் முதுகலை முடித்திருக்கிறாள். முனைவர் பட்டத்துக்கு ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் விசாரித்தோம். 43 வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் இருப்பதாகக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே கொடிகளோடு அச்சிட்டிருக்கிறார்கள். கட்டணம் மலைக்க வைக்கிறது. இருந்தாலும், ஒப்பந்தம் அதிகம் என்றால் வெளிநாட்டில் ஆய்வு செய்யும் வாய்ப்பும் அதிகம்தானே? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

11 ஜூன், இரவு

இல்லை.

புரிந்துணர்வு ஒப்பந்தம் வெறும் காகிதம். அப்படிப்பட்ட விழாக்கள் ஏழெட்டில் நானே மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு சின்னக் கொடிகள், பொன்னாடை, வெள்ளித் தட்டில் பேனா, விருந்தினர் பெயரைத் தப்பாக அச்சடித்த பதாகை. இரண்டு பக்கக் காகிதத்தில் "பரஸ்பர நலன்", "ஆசிரியர் மாணவர் பரிமாற்றம்" என்றெல்லாம் இருக்கும். கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியில், இதனால் எந்தத் தரப்புக்கும் நிதிப் பொறுப்பு எதுவும் கிடையாது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அலுவலகத்தில் நேராகப் போய்க் கேளுங்கள்: இந்த 43-இல் எத்தனைக்கு இணைப்பு இருக்கிறது? இணைப்பு என்பது ஒப்பந்தத்துக்குப் பின்னால் தைக்கப்படும் தாள். எந்தத் துறை, எந்த இரண்டு ஆசிரியர்கள், எத்தனை மாதம், பயணச் செலவு யாருடையது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அடுத்து, கடைசியாகப் போய் வந்த மாணவரின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். தருகிறார்களா, மழுப்புகிறார்களா பாருங்கள்.

12 ஜூன்

இணைப் பட்டம், இரட்டைப் பட்டம், இரண்டும் ஒன்றுதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 மே மாதம் இதற்கென்றே விதிமுறை கொண்டுவந்தது. அதில் மூன்று வகை. முதலாவது ட்வின்னிங்: மாணவர் கொஞ்ச காலம் வெளிநாட்டில் படிக்கலாம், அங்கே பெறும் மதிப்பலகு (கிரெடிட்) 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, பட்டத்தை இந்திய நிறுவனம் மட்டும் தரும். இணைப் பட்டத்தில் இரு நிறுவனங்களும் சேர்ந்து ஒரே சான்றிதழ் தரும். ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது 30 விழுக்காடு முடித்திருக்க வேண்டும். இரட்டைப் பட்டத்தில் இரண்டு சான்றிதழ்கள், இந்தியாவில் 30 விழுக்காடு.

எல்லோரும் இதில் இறங்கிவிட முடியாது. இந்திய நிறுவனத்துக்கு நாக் (உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் தேசியக் குழு) தரும் மதிப்பெண் 3.01-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100-க்குள் வர வேண்டும், அல்லது உயர்சிறப்பு நிறுவனம் என்ற தகுதி இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 1,000-க்குள் இருக்க வேண்டும். இதெல்லாம் இருந்தால் தனி அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் மகளுக்குப் பொருந்துவது முனைவர் பட்டத்தைப் பற்றிய பகுதி. இணைப் பட்டமாகச் செய்தால் இரு பக்கமும் தலா ஒரு நெறியாளர், இரு இடத்திலும் குறைந்தது ஒரு பருவம், ஆனால் ஆய்வேடு ஒன்றே.

ஒன்றே என்று எழுதுவது எளிது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

12 ஜூன், சற்றுப் பிறகு

மேலே ஒரு குழப்பம். இரட்டைப் பட்டத்தில் "இந்தியாவில் 30 விழுக்காடு" என்று மொட்டையாக எழுதிவிட்டேன். குறைந்தது 30 விழுக்காடு என்று படிக்கவும். அதற்குக் கீழே போகக் கூடாது என்பதுதான் விதி. சுட்டிக் காட்டியவருக்கு நன்றி. நான் தேர்வுத்தாள் திருத்தும்போது இதற்கு அரை மதிப்பெண் குறைத்திருப்பேன்.

16 ஜூன்

ஞாயிற்றுக்கிழமை. என் கதையைச் சொல்கிறேன், நீளும்.

என் ஆய்வு கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து நிலத்தடி நீர். அங்கே பல கிணறுகளில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும். குழந்தைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். அந்தத் தண்ணீர் போன பருவமழையில் இறங்கியதா, பாறைக்குள் நெடுங்காலம் கிடந்ததா என்று பார்க்க வேண்டும். அதற்கு நீரிலுள்ள ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளின், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகளின், விகிதம் தெரிய வேண்டும். அதை அளக்கும் நிறமாலைமானி அப்போது எங்களிடம் இல்லை. பிரான்சில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தது. என் நெறியாளரும் அங்கிருந்த பேராசிரியரும் ஒரு கருத்தரங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர்கள். அதுதான் எங்கள் சர்வதேசக் கூட்டாண்மையின் தொடக்கம். ஒப்பந்தம் ஒன்றரை ஆண்டு கழித்து வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஏற்பாட்டை கோத்யூதெல் என்பார்கள், அதாவது இரு நாட்டுக் கூட்டு நெறியாள்கை. பல்கலைக்கழகங்களுக்கிடையே பொதுவாகப் போடும் ஒப்பந்தம் அல்ல அது. ஒரு மாணவிக்கென்று, பெயர் சொல்லிப் போடுவது.

ஐசோடோப்புக்கு நீர் எடுப்பது எப்படி என்று யாரும் கையேட்டில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. 60 மில்லி நெகிழிக் குப்பி. அதே கிணற்று நீரில் மூன்று முறை அலச வேண்டும். பிறகு குப்பியை வாளிக்குள் முழுதாக அமிழ்த்தி, நீருக்குள்ளேயே மூடியைத் திருக வேண்டும். வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, விரலால் இரண்டு தட்டு. ஒரு குமிழி மேலே ஏறினாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். குப்பிக்குள் காற்று இருந்தால் நீர் ஆவியாகும், எடை குறைந்த மூலக்கூறுகள் முதலில் கிளம்பிவிடும், மிச்சமிருக்கும் நீர் பொய் சொல்லும். ஜீப் ஓட்டிவந்த அண்ணன் மூன்றாம் நாளே என்னைவிட நன்றாகத் தட்டப் பழகிவிட்டார்.

86 குப்பிகள். மூடியைச் சுற்றி டேப், தெர்மோகோல் பெட்டி, "வணிக மதிப்பு இல்லை" என்ற கடிதம். விமானச் சரக்குப் பிரிவில் ஒருவர் கேட்டார்: "தண்ணீரை எதற்கம்மா வெளிநாட்டுக்கு அனுப்புகிறீர்கள்? அங்கே தண்ணீர் இல்லையா?" விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, டேப்பை உரித்து மூன்று குப்பிகளைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு அன்போடு மூடிவைத்தார். என் அட்டவணையில் அந்த மூன்று வரிகள் இன்றும் காலியாகத்தான் இருக்கின்றன.

17 ஜூன்

"ஒன்றே" என்ற சொல்லுக்கு வருகிறேன்.

இங்கே ஆய்வேட்டை வெளித்தேர்வாளர்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். அறிக்கை எப்போது வரும் என்று தெய்வத்துக்குத்தான் தெரியும்; எனக்கு வந்தவற்றுள் ஒன்று ஐந்து மாதம் எடுத்தது. எல்லாம் வந்த பிறகுதான் வாய்மொழித் தேர்வு. பிரான்சில் தேர்வு நாளை முதலில் குறிப்பார்கள், அறிக்கைகள் அதற்கு முன்பாக வந்து சேர வேண்டும் (இப்போதைய விதிப்படி 14 நாள் முன்பு). ஆக அங்கே நாள் குறித்துவிட்டார்கள், இங்கே ஓர் அறிக்கை வரவில்லை. "இங்கே முடிவு தெரியாமல் அங்கே எப்படித் தேர்வு நடக்கும்?" என்றது தேர்வுப் பிரிவு. "ஒப்பந்தத்தில் ஒரே தேர்வு என்று இருக்கிறதே" என்றேன். கோப்பைத் தேடினார்கள். கோப்பு வேறொரு பிரிவில் இருந்தது.

முடிவில் நவம்பரில் அங்கே ஒரு முறை, பிப்ரவரியில் இங்கே ஒரு முறை, ஒரே ஆய்வேட்டுக்கு இரண்டு தடவை பதில் சொன்னேன். அங்கே தேர்வு முடிந்ததும் மாணவர் செலவில் சிறு விருந்து வைப்பது வழக்கம். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கும் அதிரசமும் பத்து நிமிடத்தில் தீர்ந்தன. இங்கே சமோசாவும் தேநீரும். இரண்டு சான்றிதழ்கள் கிடைத்தன. பிரெஞ்சுச் சான்றிதழில் என் இந்தியப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது. இந்தியச் சான்றிதழில் அவர்கள் பெயர் இல்லை. பிறகு ஒரு நேர்முகத் தேர்வில், "இதில் எதம்மா நிஜம்?" என்று கேட்டார்கள்.

19 ஜூன்

"வெளிநாட்டான் நம் தரவை அள்ளிக்கொண்டு போகத்தான் வருகிறான், நாம் குப்பி நிரப்பிக் கொடுக்கிறோம்" என்று ஒருவர் காரமாக எழுதியிருக்கிறார். பாதி உண்மை. என் துறையில் அதைப் பார்த்திருக்கிறேன்.

மறுபாதிக்குச் சென்னை சேத்துப்பட்டுக்குப் போக வேண்டும். 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆய்வு மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நான்கும் சேர்ந்து. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. அந்தப் பெயர் இன்றும் தாம்பரத்துப் பக்கம் ஒரு ரயில் நிலையமாக நிற்கிறது. மையத்தில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியத்தில் சிகிச்சை. மறுபாதிக்கு நெருக்கடியான, வறுமையான வீட்டிலேயே அதே மருந்து. ஓராண்டு முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. 1959-இல் இது வெளியானதும் உலகம் முழுக்கக் காசநோய்க்கான படுக்கைகள் காலியாகத் தொடங்கின.

இதில் யார் யாருடைய தரவை அள்ளினார்கள்? கேள்வி சென்னைத் தெருவிலிருந்து வந்தது, நோயாளி சென்னையில், மையமும் சென்னையில். மையத்துக்கு முதலில் தலைமை தாங்கிய வாலஸ் ஃபாக்ஸ் வெள்ளைக்காரர். மையம் இங்கேயே தங்கியது; இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். என் கணக்கு இதுதான்: கருவியும் கோப்பும் எந்த ஊரில் தங்குகின்றன என்று பாருங்கள். வந்தவரின் நிறத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

19 ஜூன், தொடர்ச்சி

ஐ.ஐ.டி.களை விட்டுவிட்டேன் என்று புகார். சரி. சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு வந்தது. வளாகத்துக்குள், அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைநகர் பெயரில், பான் நிழற்சாலை என்று இன்னும் ஒரு சாலை இருக்கிறது. கான்பூருக்கு ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 1962 முதல் பத்தாண்டு துணை நின்றன, 1963-இலேயே ஐ.பி.எம். 1620 கணினி வந்து இறங்கியது. நான் ரசிப்பது அந்தப் பத்தாண்டு என்ற எல்லையை. வந்தார்கள், கற்றுக் கொடுத்தார்கள், கிளம்பினார்கள். 2023-இல் அதே சென்னை ஐ.ஐ.டி. தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது. இந்தியாவுக்கு வெளியே முதல் ஐ.ஐ.டி. வளாகம் அது. இனி அங்குள்ள மாணவர்கள் நம்மைப் பற்றி இப்படி ஓர் இழை தொடங்கி வைவார்கள். வையட்டும்.

22 ஜூன்

பணம். இதைப் பேசாமல் எல்லோரும் தரவரிசையைப் பேசுகிறார்கள்.

அறக்கட்டளையோ சங்கமோ நடத்தும் நிறுவனத்துக்கு வெளிநாட்டு நல்கை வர வேண்டுமானால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய இடம் ஒன்றே: ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளை. திருச்சியில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு வடிகட்டித் தாள் வாங்கவும் பணம் தில்லி வழியாகத்தான் வரும். அதைக்கூடச் சமாளிக்கலாம். அதே திருத்தம், ஒரு நிறுவனத்துக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை அது இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. கூட்டாய்வு என்றாலே ஒரு தலைமை நிறுவனம் பணத்தை வாங்கி நாலு பேருக்குப் பகிர்வதுதானே! எங்களுடன் கிணறு அளந்த ஒரு சிறிய தொண்டு அமைப்பை இதனால் திட்டத்திலிருந்து கழற்ற வேண்டியிருந்தது. பத்தாண்டு மழைக்கணக்கு அவர்களிடம்தான் இருந்தது.

மத்தியிலோ மாநிலத்திலோ சட்டம் இயற்றி உருவாக்கிய, அரசுத் தணிக்கைக்கு உட்பட்ட பல்கலைக்கழகங்களுக்கு இதில் விலக்கு உண்டு. ஆகவே கரூர் நண்பரே, நீங்கள் பார்த்துவைத்த இடத்தில் பதிவு எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

22 ஜூன்

உயிரியல் துறையினர் அடிக்க வருவதற்குள்: ஆம், செடியோ நுண்ணுயிரியோ என்றால் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தனி. அந்த ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. தண்ணீருக்கு அது தேவைப்படவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

30 ஜூன்

இத்தனையும் எழுதிவிட்டு என் முதல் குறிப்பைத் திரும்பப் படித்தேன். "ஒப்பந்தம் வெறும் காகிதம்" என்று வீறாப்பாகச் சொல்லியிருக்கிறேன். அதைப் பாதி திரும்பப் பெறுகிறேன்.

எனக்கு நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் பிரெஞ்சுப் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். கருத்தரங்கில் பக்கத்தில் உட்கார்ந்த நட்பு அத்தோடு போயிற்று. அடுத்து வந்தவருக்கு என் தண்ணீரில் துளியும் அக்கறை இல்லை. ஆனாலும் குளிர்கால மாலைகளில், அவருக்கு மதியம் இரண்டு, எனக்கு ஆறரை, மாதம் ஒருமுறை பேசத்தான் செய்தார். நெறியாளர் விலகினால் அந்தப் பல்கலைக்கழகம் மாற்று நெறியாளரைத் தர வேண்டும் என்று என் கோத்யூதெல் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததுதான் காரணம். நட்பு ஓய்வு பெற்றது, வரி பெறவில்லை.

இன்னொரு வரி இல்லாததால் பட்டதையும் சொல்ல வேண்டும். தரவு யாருடையது என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. பட்டம் வாங்கி மூன்றாண்டு கழித்து ஒரு கட்டுரையைப் புரட்டினால், அதன் ஒரு வரைபடத்தில் என் 83 புள்ளிகள். நன்றியுரையில் "களப் பணியாளர்களுக்கு" என்றிருந்தது. எழுதிக் கேட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது, பெயர் வரவில்லை. பெயர் போட இடமில்லை என்று சொல்லவும் முடியாது. 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றிய கட்டுரையில் 5,154 பேர் ஆசிரியர்கள். 33 பக்கத்தில் ஆய்வு ஒன்பது பக்கம், மீதி 24 பக்கம் பெயரும் நிறுவனமும். துகள் இயற்பியல்காரர்கள் திருமண அழைப்பிதழில்கூட யாரையும் விட்டுவிட மாட்டார்கள் போலும்.

2 ஜூலை

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய யேல்-என்.யு.எஸ். கல்லூரியை மூட முடிவெடுத்ததை ஒருவர் சுட்டியிருக்கிறார். அவ்வளவு பெரிய பெயர்கள் கையெழுத்திட்டும் நிலைக்கவில்லையே என்கிறார். 2013-இல் சிங்கப்பூரில் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள், 2021 ஆகஸ்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் முடிவை அறிவித்தது. மாணவர்களுக்கு அன்று இடி விழுந்த மாதிரிதான். ஆனால் 2025-இல் விலகிக்கொள்ளும் வாசல் மூல ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதற்குள் சேர்ந்தவர்கள் அங்கேயே படித்துப் பட்டம் வாங்கலாம் என்றார்கள். கடைசி வகுப்பு வெளியேறும் ஆண்டு 2025. உடைவதற்கும் ஒரு முறை எழுதியிருந்தார்கள். நம் ஊர் 43-இல் எத்தனையில் இது இருக்கும்?

நன்றாக ஓடுவது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: மும்பை ஐ.ஐ.டி.யும் ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகமும் 2008-இல் தொடங்கிய கூட்டு ஆய்வு அகாதமி. தலா ஒரு நெறியாளர், இரு பெயரிலும் பட்டம். அங்கே இந்த வேலைக்கென்றே தனி அலுவலகம் உண்டு. கோப்பு எங்கே இருக்கிறது என்று மாணவர் தேட வேண்டியதில்லை.

3 ஆகஸ்ட், கரூர் நண்பர்

நேரில் போய்க் கேட்டோம். பட்டியலைக் கொடுக்க இரண்டு வாரம் ஆயிற்று. 43-இல் 29-க்குக் காலம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. நான்கில்தான் இணைப்பு. நிலவியல் ஒன்றிலும் இல்லை. போய் வந்த மாணவர் ஒருவரின் எண் கொடுத்தார்கள். அவர் இரண்டு வாரக் கோடைகாலப் பயிற்சிக்குச் சொந்தச் செலவில் போனவர். பேசிப் பார்த்தவரை நல்ல மனிதர். மகள் இப்போது அரசுப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்ய முடிவெடுத்துவிட்டாள். அங்கே நெறியாளர் ஒருவருக்கு ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்குழுவோடு நடந்துகொண்டிருக்கும் திட்டம் இருக்கிறதாம். ஆறு மாதம் அங்கே.

3 ஆகஸ்ட்

ஆறு மாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தரவைப் பற்றி ஒரு வரியும், மாற்று நெறியாளரைப் பற்றி ஒரு வரியும். நெறியாளர் முகம் சுளித்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவர் என் மாணவரின் மாணவராகத்தான் இருப்பார், திருச்சி வட்டாரத்தில் நிலவியல் படித்தவர்கள் அவ்வளவு பேர்தான்.

18 ஆகஸ்ட்

நேற்று அந்தப் பெண் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தாள். கரூரிலிருந்து முதல் பஸ். இணைப்புத் தாளின் வரைவைக் கொண்டுவந்தாள். தரவு பற்றிய வரி இருக்கிறது, "இயன்றவரை" என்ற சொல்லோடு. அந்தச் சொல்லைப் பென்சிலால் அடித்துக் கொடுத்தேன். பிறகு வெளியே வாளியில் தண்ணீர் பிடித்துக் குப்பி நிரப்பிப் பழகினோம். பன்னிரண்டு நிரப்பினாள். தட்டிப் பார்த்ததில் இரண்டில் குமிழி.